அலறலுக்குள் ஒரு கணக்கு: நாக்ட் லூஸ் ஆல்பம் எங்கே கனக்கிறது, எங்கே தளர்கிறது

2024 நவம்பர் இறுதியில், அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ஜிம்மி கிம்மல் நடத்தும் பின்னிரவு நிகழ்ச்சியில் நாக்ட் லூஸ் என்ற குழு மேடையேறியது. கென்டக்கி மாநிலத்து மெட்டல்கோர் குழு அது. பாடகி பாப்பியும் அவர்களோடு சேர்ந்து 'சஃபகேட்' என்ற பாட்டைப் பாடினார். பாடினார் என்று எழுதினாலும், பார்த்தவர்களில் பலருக்கு அது பாட்டாகவே தோன்றவில்லை. இந்தக் கூச்சலைத் தொலைக்காட்சியில் காட்டலாமா என்று புகார்கள் எழுந்தன, அந்தப் புகார்களே செய்தியாகின. ஆனால் அதே பாட்டுக்கு அந்த மாதத் தொடக்கத்தில்தான் கிராமி பரிந்துரை கிடைத்திருந்தது. சிறந்த மெட்டல் பாடலுக்கான அந்த விருது 2025 பிப்ரவரியில் பிரான்ஸ் நாட்டுக் குழுவான கோஜிராவுக்குப் போனது. ஆனாலும் இறுதிப் பட்டியலில் மெட்டாலிகா, ஜூடாஸ் பிரீஸ்ட் ஆகிய பெரியவர்களின் பக்கத்தில் நாக்ட் லூஸின் பெயரும் இருந்தது.

ஒரே பாட்டு சிலருக்கு வெறும் இரைச்சலாகவும் சிலருக்கு விருதுக்குரிய இசையாகவும் கேட்பது எப்படி? இதற்கு விடை தேட, அந்தப் பாட்டு இடம்பெற்ற ஆல்பத்தை அடிப்படையிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும். ஆல்பத்தின் பெயர் 'யூ வோன்ட் கோ பிஃபோர் யூ ஆர் சப்போஸ்ட் டு'. 'உனக்குரிய நேரம் வரும்முன் நீ போகமாட்டாய்' என்பது அதன் பொருள். 2024 மே 10 அன்று பியூர் நாய்ஸ் நிறுவனம் வெளியிட்டது. பத்துப் பாட்டுகள், மொத்தமே சுமார் 27 நிமிடம்.

அண்மை ஆண்டுகளில் வந்த மெட்டல்கோர் ஆல்பங்களில் இவ்வளவு துல்லியமாக அளந்து செய்யப்பட்டவை மிகக் குறைவு. அதன் குறைகளும் அந்தத் துல்லியத்திலிருந்தே பிறக்கின்றன என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

மெட்டல்கோர்: இரண்டு ஊற்றுகள்

பெயரிலேயே இரண்டு மரபுகள் இருக்கின்றன. ஒன்று ஹார்ட்கோர் பங்க். 1970களின் இறுதியில் அமெரிக்க நகரங்களில் எழுந்த, குறுகிய, வேகமான, கோபம் கொப்பளிக்கும் இசை அது. தனியாக நின்று கிட்டார் வித்தை காட்டுவதற்கு அங்கே இடமில்லை. இன்னொன்று மெட்டல். அதில் கிட்டாரின் நுட்பமும் அடர்த்தியான ஒலியும் முதன்மை பெறும்.

1980களின் பிற்பகுதியிலிருந்து இவ்விரண்டும் மெல்லக் கலந்தன. கிளீவ்லாந்தின் இன்டெக்ரிட்டி, சிரக்கியூஸின் எர்த் கிரைசிஸ் போன்ற குழுக்கள் 1990களின் முதற்பாதியில் அந்தக் கலவைக்கு உருவம் கொடுத்தன. புத்தாயிரத்தின் தொடக்கத்தில், மாசசூசெட்ஸ் என்ற ஒரே மாநிலத்துக்குள்ளேயே பாதை இரண்டாகப் பிரிந்தது.

1. கான்வெர்ஜ் குழுவின் 'ஜேன் டோ' (2001). எதிர்பாராத திருப்பங்களும் நெருக்கடியும் நிறைந்த பாதை. மனத்தில் உட்காரும் பல்லவி என்று எதுவும் பெரிதாகக் கிடையாது.
2. கில்ஸ்விட்ச் என்கேஜ் குழுவின் 'அலைவ் ஆர் ஜஸ்ட் பிரீதிங்' (2002). சரணத்தில் அலறல், பல்லவியில் இனிமையான குரல். கிட்டார் மெட்டுகளில் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரத்து மெட்டல் குழுக்களின் சாயல்.

விற்பனையில் வென்றது இரண்டாவது பாதை. மெட்டல்கோர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது அந்த அலறலும் இனிமையும் மாறிமாறி வரும் வடிவம்தான். 2013இல் தொடங்கிய நாக்ட் லூஸ் அந்தப் பக்கம் போகவில்லை. 1990களின் ஹார்ட்கோர் மண்ணிலேயே நின்றுகொண்டது. பாடிப் பார்க்கத்தக்க பல்லவி இவர்களிடம் இல்லை. பல்லவி இல்லாத பாட்டில் கேட்பவர் எதைப் பிடித்துக்கொள்வது? விடை, பிரேக்டவுன்.

பிரேக்டவுன் எப்படி வேலை செய்கிறது?

வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு திடீரென்று வேகம் குறைந்து, சில கனத்த அடிகளாகச் சுருங்கும் பகுதிக்குப் பிரேக்டவுன் என்று பெயர். அரங்கில் கூட்டம் முட்டி மோதி ஆடுவது இந்தப் பகுதியில்தான். கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. இரண்டாம் காலத்தில் ஓடிய பாட்டு சட்டென்று முதல் காலத்துக்கு இறங்குவது போன்றது இது. பெரும்பாலும் அடிப்படைத் துடிப்பு அப்படியே இருக்கும், அடிகளுக்கு நடுவேயான இடைவெளி மட்டும் இரட்டிப்பாகும். சில நேரங்களில் துடிப்பின் வேகமே குறைவதும் உண்டு.

அந்த அடிகள் உடம்பில் விழுவதுபோல் உணர்வதற்குக் காரணங்கள் நான்கு.

1. தாழ்ந்த சுருதி. வழக்கமான கிட்டாரின் தடித்த தந்தி ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 82 அதிர்வுகளில் ஒலிக்கும். கனத்த இசை செய்யும் குழுக்கள் தந்தியைத் தளர்த்தி அதற்கும் வெகுவாகக் கீழே, பேஸ் கிட்டாரின் எல்லைக்குப் பக்கத்தில் கொண்டுபோகின்றன.
2. அமுக்கிய மீட்டல். வலது கையின் ஓரத்தைத் தந்தியின் மேல் வைத்துக்கொண்டே மீட்டுவது. கார்வை வெட்டுப்பட்டு, இசை ஒலி கொட்டு ஒலியாக மாறும்.
3. ஒத்திசைவு. காலால் மிதித்து வாசிக்கும் பெரிய டிரம்மும் கிட்டாரும் பேஸும் ஒரே நொடியில் விழும். மூன்று கருவிகள் சேர்ந்து ஒரே கருவிபோல் கேட்கும்.
4. மௌனம். இரண்டு அடிகளுக்கு நடுவே ஒலி முழுவதுமாக அறுபடும்.

நான்காவதுதான் முக்கியமானது என்பது என் கருத்து. உரலில் நெல் குத்துவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: உலக்கை மேலே ஓங்கி நிற்கும் அந்தக் கணத்தில்தான் அடுத்த அடியின் பாரம் தீர்மானமாகிறது. ஓங்காமல் தட்டிக்கொண்டே இருந்தால் சத்தம் வரும், உமி பிரியாது. இசையின் கனமும் ஒப்பீட்டில் பிறப்பது. முன்னால் வேகம் இருந்தால்தான் மெதுவுக்குப் பாரம், முன்னால் அமைதி இருந்தால்தான் அடிக்கு அதிர்ச்சி. பலங்களையும் குறைகளையும் இந்த ஒரே அளவுகோலால் அளக்கலாம்.

அந்தக் குரல்

குழுவின் பாடகர் பிரயன் கேரிஸின் குரல் உச்சத்தில் கிழிபடும் கீச்சு. கிட்டார் வாசிக்கும் ஐசக் ஹேல் அவ்வப்போது அடிக்குரல் உறுமலைச் சேர்க்கிறார். தேர்ந்த அலறல் என்பது தொண்டை கிழியக் கத்துவது என்ற எண்ணம் தவறு. மூச்சை அடக்கி, குரல்நாண்களையும் அவற்றுக்கு மேலுள்ள மடிப்புகளையும் கட்டுப்பாடாக அதிரவைக்கும் பயிற்சி அது. பயிற்சி இல்லாமல் இரவுக்கு இரவு மேடையேறினால் குரல் சில வாரங்களும் தாங்காது. ஆனால் சொற்கள் முதல் கேட்பில் புரியாது என்பது உண்மை. வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டியிருப்பதைக் குறையாகச் சொல்பவர்களைக் கடிந்துகொள்ள முடியாது.

ஆல்பத்தின் பலங்கள்

முதல் பலம் சிக்கனம். 'தர்ஸ்ட்' என்ற தொடக்கப் பாட்டு இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஆல்பம் முழுவதும் அதே கண்டிப்புதான். ஒரு ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் சொற்றொடர், நம் காதுக்குப் பழகத் தொடங்கும்போதே அடுத்தது வந்துவிடுகிறது. 2023இல் இவர்கள் வெளியிட்ட இரண்டு தனிப்பாட்டுகள் நன்றாகவே வரவேற்கப்பட்டன, ஆனாலும் அவற்றை இந்த ஆல்பத்தில் சேர்க்கவில்லை. கையில் இருப்பதையெல்லாம் கொட்டி நிரப்பும் வழக்கம் பெருகிவிட்ட காலத்தில் இந்த மறுப்பு மதிக்கத்தக்கது.

இரண்டாவது பலம் அச்சம். பெரும்பாலான கனத்த ஆல்பங்கள் கோபத்தை மட்டுமே எரிபொருளாகக் கொண்டவை. இந்த ஆல்பத்தின் அடியில் ஓடுவது பயம். கேரிஸுக்கு விமானப் பயணம் என்றால் நடுக்கம். ஒரு பயணத்தில், முன்பின் அறியாத பெண் ஒருவர் அவரைத் தேற்றுவதற்காகச் சொன்ன சொற்களே ஆல்பத்தின் பெயராயின. அந்த வாக்கியத்தை மறுபடி படித்துப் பாருங்கள். போகமாட்டாய் என்பது ஆறுதல், ஆனால் போவதற்கென்று ஒரு நேரம் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆறுதலும் மிரட்டலும் ஒரே மூச்சில் வருகின்றன. பாட்டுகளுக்கு நடுவே வரும் மங்கலான ஒலிகள், எங்கோ தொலைவில் கேட்பதுபோன்ற இரைச்சல்கள், எல்லாம் இந்த மனநிலைக்காக வைக்கப்பட்டவை. கார் விபத்தில் அன்புக்குரியவளை இழந்த ஒருவனின் கதையைச் சொல்லும் 'எ டேர் இன் தி ஃபேப்ரிக் ஆஃப் லைஃப்' என்ற குறும்பதிவை 2021இல் செய்தபோது கற்ற பாடம் இது. அங்கே கதைக்காகப் பயன்பட்ட சூழல் ஒலி, இங்கே கதை இல்லாமலேயே நரம்பைத் தொடுகிறது. 'மாஸ் கவர்ஸ் ஆல்', 'டேக் மீ ஹோம்' இரண்டையும் இடையில் நிறுத்தாமல் கேட்டால் இது தெளிவாக விளங்கும்.

மூன்றாவது பலம் தாளம், அதிலும் குறிப்பாக 'சஃபகேட்'. இந்தப் பாட்டைப் பற்றி ஒரு முழுக் கட்டுரையே எழுதலாம்.

பாப்பி இணையத்தில் பாப் பாடகியாக அறியப்பட்டு, பின்பு மெட்டலுக்குள் வந்தவர். 2021 கிராமி விழாவிலும் இதே மெட்டல் பிரிவில் பரிந்துரை பெற்றிருந்தார். வேறொரு குழுவாக இருந்தால் இப்படிப்பட்டவரை அழைத்துவந்து இனிமையான பல்லவி ஒன்றைப் பாடவைத்திருக்கும். நாக்ட் லூஸ் அவரையும் அலறவைத்தது. இரண்டு உச்சக் குரல்கள் ஒன்றையொன்று துரத்துகின்றன. எது யாருடையது என்பது சில இடங்களில் குழம்பிப்போகிறது. அந்தக் குழப்பமே மூச்சுத்திணறல் என்ற தலைப்புக்குப் பொருந்துகிறது.

பாட்டின் பிற்பகுதியில் யாரும் எதிர்பாராத ஒன்று நடக்கிறது. பிரேக்டவுனின் தாளம் ரெகெட்டோனுக்கு மாறுகிறது. ஜமைக்காவிலும் பனாமாவிலும் வேர்கொண்டு புவேர்ட்டோ ரிக்கோவில் வளர்ந்த நடனத் தாளம் அது. எட்டுச் சிறு அலகுகளை மூன்று, மூன்று, இரண்டு என்று பிரித்து அடிப்பதே அதன் உயிர். சொற்கட்டாகச் சொன்னால்: தகிட தகிட தக. நேரான நான்கு அடிகளுக்குப் பழகிய மெட்டல் காதுக்கு இது படியிறங்கும்போது ஒரு படி இல்லாமல் போவது போன்றது. மூன்றாவது மூன்று வரும் என்று உடம்பு காத்திருக்கும், வருவதோ இரண்டு. உலகமே இடுப்பசைத்து ஆடும் ஒரு தாளத்தின் மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றியபோதும் அது நொறுங்கவில்லை, பாரம்தான் ஆடத் தொடங்குகிறது. மெட்டலுக்கு வெளியே இருந்தவர்களும் இந்தப் பாட்டுக்குத் திரும்பியதற்கு இந்தச் சில நொடிகளே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

'பிளைண்டிங் ஃபெயித்' சமயத்தின் பெயரால் நடக்கும் கபடத்தைத் தாக்குகிறது. தேவாலயம் அன்றாட வாழ்வோடு பின்னிய கென்டக்கியிலிருந்து அந்தக் குரல் எழுவதால் அதற்கு வேறொரு கூர்மை இருக்கிறது.

குறைகள்

இனி மறுபக்கம். கனம் ஒப்பீட்டில் பிறக்கிறது என்றால், ஒப்பிடுவதற்கு எதிர்ப்பொருள் இல்லாத இடங்களில் கனமும் இருக்காது. இந்த ஆல்பத்தில் அப்படிப்பட்ட இடங்கள் உண்டு.

1. குரலின் ஒரே உயரம். கேரிஸின் கீச்சு முதல் நொடியிலேயே உச்சியைத் தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் ஏற இடமில்லை, கீழே இறங்கும் எண்ணமும் பெரும்பாலும் இல்லை. துக்கம், வெறுப்பு, பயம், எதற்கும் அதே சுருதி. வரிகளைப் படித்தால் அவை வேறுவேறு உணர்வுகள் என்று தெரிகிறது, கேட்டால் தெரிவதில்லை. ஹேலின் அடிக்குரல் வரும்போதெல்லாம் பாட்டு சட்டென்று ஆழம் பெறுவதே இந்தக் குறைக்குச் சான்று. அதை இன்னும் கூடுதலாகப் பயன்படுத்தியிருக்கலாம்.

2. ஒலிப்பதிவின் நெரிசல். மெல்லிய ஒலியை உயர்த்தி, உரத்த ஒலியை அமுக்கி, இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவதைக் கம்பிரஷன் என்கிறார்கள். டிஜிட்டல் ஒலிக்கு ஒரு கூரை உண்டு, அதைத் தாண்ட முடியாது. எல்லா நேரமும் கூரையைத் தொட்டுக்கொண்டே ஓடும் பாட்டில் பிரேக்டவுன் வந்தால், வேகம் மாறும், ஒலியளவு மாறாது. தயாரிப்பாளர் டிரூ ஃபல்க் மோஷன்லெஸ் இன் ஒயிட், ஐஸ் நைன் கில்ஸ் போன்ற குழுக்களோடு வேலை செய்தவர். பளபளப்பான பெரிய ஒலி அவருடைய கை. அதனால் ஒவ்வொரு கருவியும் தெளிவாகக் கேட்கிறது என்பது பெரிய நன்மை. ஆனால் 2019இல் வில் புட்னி தயாரித்த 'எ டிஃபரன்ட் ஷேட் ஆஃப் புளூ' ஆல்பத்தில் இருந்த சொரசொரப்பு இதில் தேய்ந்துவிட்டது. டிரம் அடிகள் அளவுக்கு மீறி ஒரே சீராக விழுகின்றன. மௌனத்தை இவ்வளவு நன்றாகக் கையாளும் குழு, மெல்லிய ஒலியையும் நம்பியிருக்கலாம்.

3. ஒட்டுப்போட்ட வடிவம். சில பாட்டுகளில் ஒரு பிரேக்டவுன் முடிந்ததும் அதைவிட மெதுவான இன்னொன்று, அதற்குப் பின் இன்னும் மெதுவாக மூன்றாவது. முதல் முறை கேட்கும்போது வாய் பிளக்கவைக்கும் உத்தி இது. ஐந்தாவது பாட்டில் அதே உத்தி வரும்போது அடுத்தது என்ன என்று முன்பே தெரிந்துவிடுகிறது. ஆல்பம் 27 நிமிடத்தில் முடிவது இந்தக் குறையை மறைக்கிறது. 45 நிமிடம் ஓடியிருந்தால் மறைத்திருக்க முடியாது.

4. 'ஸ்லாட்டர்ஹவுஸ் 2'. மோஷன்லெஸ் இன் ஒயிட் குழுவின் 2022 ஆல்பத்தில் வந்த 'ஸ்லாட்டர்ஹவுஸ்' பாட்டில் கேரிஸ் விருந்தினராகப் பாடினார். அதற்குப் பதில் விருந்தாக அந்தக் குழுவின் பாடகர் கிறிஸ் மோஷன்லெஸ் இங்கே வருகிறார். பாட்டு பலவீனமானது என்று சொல்லமாட்டேன். ஆனால் அவருடைய நாடகத்தனமான குரல் வேறொரு மேடைக்குரியது. இருட்டில் தனியாக நடப்பதுபோன்ற மனநிலையைக் கட்டிக்கொண்டு வந்த ஆல்பம், இங்கே சட்டென்று விளக்கைப் போட்டுவிடுகிறது.

இவற்றில் முதல் இரண்டையும்தான் பெரிய குறைகளாகக் கருதுகிறேன். துல்லியமாகத் தாக்க வேண்டும் என்ற பிடிவாதமே பலத்தைத் தந்தது. ஒரு நொடியும் தளரக் கூடாது என்ற அதே பிடிவாதம்தான் குரலையும் ஒலியையும் எப்போதும் உச்சியில் கட்டிவைத்தது.

இதற்கு விதிவிலக்குகள் ஆல்பத்துக்குள்ளேயே இருக்கின்றன. 'டோன்ட் ரீச் ஃபார் மீ' கொஞ்சம் நிதானித்து நடக்கிறது, அதனால் அதன் அடிகள் நினைவில் நிற்கின்றன. கடைசிப் பாட்டான 'சிட் அண்ட் மோர்ன்' அதைவிடத் துணிச்சலானது. கிட்டார் விரிந்து பரவ இடம் கொடுக்கிறது, துக்கம் துக்கமாகவே கேட்கிறது. ஆல்பம் முழுவதும் ஓடியவர் முதல்முறையாக உட்கார்ந்து அழுவதுபோல் இருக்கிறது அது. இந்தக் குழு அடுத்து எங்கே போக வேண்டும் என்று என்னைக் கேட்டால், இந்தப் பாட்டைத்தான் காட்டுவேன்.

தொலைக்காட்சிப் புகார்களுக்கு இன்னொரு காரணம்

2023இல் கலிஃபோர்னியாவின் கோச்செல்லா இசை விழா மேடையில் இவர்கள் ஏறியபோதே பொதுவெளியின் கவனம் திரும்பிவிட்டது. அந்தக் கவனம் பெரும்பாலும் கைபேசித் துணுக்குகள் வழியாக வந்தது. அரை நிமிடத் துணுக்கில் பிரேக்டவுன் மட்டும் இருக்கும். அதற்கு முன்னால் வந்த வேகமும் மௌனமும் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். உலக்கை ஓங்கியதைக் காட்டாமல் விழுந்ததை மட்டும் காட்டுவது அது. எதனால் கனத்ததோ அதுவே துணுக்கில் இருப்பதில்லை. இளைய குழுக்கள் அந்தத் துணுக்கைப் பார்த்து வெறும் அடிகளை மட்டும் நகல் எடுக்கும் ஆபத்து உண்மையானது.

கருவி சார்ந்த காரணம் ஒன்றும் உண்டு. கைபேசியின் ஒலிபெருக்கியால் 82 ஹெர்ட்ஸையோ அதற்குக் கீழான ஒலியையோ உருப்படியாக எழுப்ப முடியாது. மெல்லிய தொலைக்காட்சிப் பெட்டிகளின் உள் ஒலிபெருக்கிகளும் அந்த ஆழத்தில் தடுமாறும். பெரிய டிரம், பேஸ், தாழ்ந்த கிட்டார் ஆகியவற்றின் அடிப்பாகம் அப்படியே வடிந்துவிடும். மிஞ்சுவது உச்சக் கீச்சும் சிம்பல் தகடுகளின் சலசலப்பும்தான். அதாவது, அன்று இரவு வீட்டிலிருந்து பார்த்த பலரின் காதில் விழுந்தது இந்த இசையின் மேல்பாதி மட்டுமே. பாதம் இல்லாமல் தலை மட்டும் வந்து நின்றால் யாரும் பயப்படத்தான் செய்வார்கள்.

நல்ல ஹெட்ஃபோனில், 'சஃபகேட்' பாட்டின் கடைசி ஒரு நிமிடத்தைக் கேட்டுப் பாருங்கள். தகிட தகிட தக என்று விரலால் மேசையில் தட்டிக்கொண்டே கேளுங்கள். கீச்சுக்கு அடியில் தாளம் எங்கே நிற்கிறது என்பது அப்போது பிடிபடும். அதன்பின் ஒலியளவைச் சற்றுக் குறைத்துவிட்டு, 'சிட் அண்ட் மோர்ன்' பாட்டை முழுவதுமாகக் கேளுங்கள்.